முப்பது நல்ல நாட்கள்

இன்னும் எழுந்திருக்கவில்லை. நிழலாக இருந்தால் இந்நேரம் குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

சுடர்விழி கண்ணைத் திறக்காமலேயே படுத்திருந்தாள். திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. நிழலுக்கு ஐந்து நாற்பது என்றால் ஐந்து நாற்பதுதான். காய்ச்சலில் உடம்பு கொதித்த நாளில்கூட அது தவறியதில்லை. இப்போது மணி ஆறைத் தாண்டியிருக்கும். பால் வண்டி போய்விட்டது. மேல்வீட்டு மிக்ஸி ஓடி நின்றுவிட்டது. பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது, ஏறியும் இறங்கியும், ஒழுங்கில்லாமல். ஆசைப்படாதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆசைப்பட்டு, திரும்பிப் பார்த்து, அங்கே அது படுத்திருந்தால் இன்று உன்னால் தாங்க முடியாது.

"சுடரு, மணி என்ன?"

நிழல் மணி கேட்காது. அதற்கு மணி தெரியும்.

கண்ணைத் திறந்தாள். கணவர் கார்வேந்தன் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடையைச் சொறிந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவர் சிரித்தால் உதட்டின் இடது ஓரம் முதலில் போகும். வலது ஓரம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். நிழலுக்கு இரண்டும் ஒன்றாகவே போகும்.

"ஆறு பத்து," என்றாள். 

"கனவுல பாப்பா வந்தா. மருதமலைப் படியில எனக்கு முன்னால குதிச்சுக் குதிச்சு ஏறறா. 'அப்பாவுக்குத் தொப்பை, அப்பாவுக்குத் தொப்பை'ன்னு ஒரே கத்து. கீழ இருந்து மேல வரைக்கும் அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க." வயிற்றைத் தடவிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். "நல்ல கனவு."

கதவு வழியே கூடத்துச் சுவரில் தெரிந்த நாளோடைப் பலகையை அவள் பார்த்தாள். பதினெட்டு மாதமாக 'முப்பதில் இரண்டு' என்று நின்றிருந்த எழுத்து மாறியிருந்தது. முப்பதில் மூன்று.

நாளோடை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. காதுக்குப் பின்னால் அரிசியைவிடச் சிறிய விதை ஒன்று. விடியலில், உறக்கம் கலைகிற நாலைந்து நிமிடத்தில், அது அன்றைய நாளை எட்டிப்பார்க்கும். ரத்தத்தில் ஓடுவதையும் மூளையில் எரிவதையும் அளக்கும். ஆள் கேட்டிருந்த நிபந்தனைக்கு அந்த நாள் பொருந்தினால் முழுதாக அவரிடம் கொடுத்துவிடும். பொருந்தாவிட்டால் ஆளை உள்ளேயே உறங்கவைத்துவிட்டு உடம்பைப் பழக்கத்திடம் ஒப்படைக்கும். உடம்பு பல் துலக்கும், வேலைக்குப் போகும், கேட்டதற்குப் பதில் சொல்லும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கும். அதைத்தான் நிழல் என்றார்கள்.

முதலில் பல் பிடுங்கும் நாளைத் தாண்டினார்கள். பிறகு தேர்வு நாளை. பிறகு திங்கட்கிழமைகளை. இப்போது கோயம்புத்தூரில் எந்தப் பேருந்தில் ஏறினாலும் மூன்றில் ஒருவர் நிழல். ஆனால் யாரிடமும் "உள்ள இருக்கீங்களா?" என்று கேட்டுவிடக் கூடாது; சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட அது மரியாதைக் குறைவு. அதனால்தான் கல்யாணப் பத்திரிகைகளில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்பதற்குப் பக்கத்தில் 'விழிப்புடன்' என்றொரு சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாட்களைக் கையாளும் சின்னச் சின்ன ஆணைகளுக்குத் துணைக்கூறுகள் என்று பெயர். 'தாண்டு' என்றால் சொன்ன அளவு நாட்களை விட்டுவிடும். 'எடு' என்றால் சொன்ன அளவு நாட்களை எடுத்துக்கொண்டு அதோடு நின்றுவிடும். 'வடி' என்றால் பொருந்தாத நாட்களை ஒதுக்கிக்கொண்டே போகும். இவற்றை ஒன்றன் பின் ஒன்றாக மாட்டினால் ஒரு தொடர். சரவணம்பட்டியில் உள்ள நாளோடை அலுவலகத்தில் இவற்றை எழுதியவர்களில் சுடர்விழியும் ஒருத்தி. 'வடி' முழுக்க அவள் கை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவளும் அவள்தான். ஒதுக்கிய நாள் எங்கேயும் பத்திரமாக இருக்காது, அதுவும் செலவானதுதான், ஓடை திரும்பி ஓடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள்.

கார்வேந்தன் குளிக்கப் போனதும் கைபேசி அதிர்ந்தது. தொடர்களைக் கண்காணிக்கும் பிரிவிலிருந்து நஸ்ரீன்.

"அக்கா! மூணு ஆயிருச்சுக்கா! இப்பத்தான் திரையில பாத்தேன். என்ற கண்ணையே நம்பல."

"ம்."

"என்ன 'ம்'மு? இன்னிக்கு ஆபீஸ் பக்கம் வந்துராதீங்க, நான் சொல்லிக்கறேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதிவை மூடறதுக்குள்ள அண்ணனைச் சொல்ல வெச்சிருங்க. விதை மேல விரலை வெச்சு 'போதும்'னு ஒரே ஒரு வார்த்தை. இன்னிக்கு விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது நஸ்ரீன். நேத்து ராத்திரி படுத்து இன்னிக்கு எந்திரிச்ச மாதிரி இருக்காரு."

"மெதுவாச் சொல்லுங்க. அண்ணன் புரிஞ்சுக்குவாரு. எங்கூட்டுக்காரரு மாதிரியா? எங்கம்மா வர்ற நாளுக்கெல்லாம் 'தாண்டு' போட்டு வெச்சிருக்காருக்கா மனுசன். எங்கம்மா என்னடான்னா, மாப்பிள்ளை மாதிரித் தங்கமான ஆளு ஜில்லாவுலயே இல்லைங்குது."

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 

ஒரு வார்த்தைதான். ஆனால் அதை வேறு யாரும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் மனைவிக்குக் கணவனும், தொழிலாளிக்கு முதலாளியும் தொடர் மாட்டிவிட்டு ஆட்டம் காட்டியதில் சட்டம் ஒன்று வந்தது. விழித்திருக்கும் உரியவர் வாய்திறந்து சொல்லாமல் எந்தத் தொடரையும் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அவள் மூன்று மனு எழுதிவிட்டாள். தான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் முத்திரையோடே மூன்று முறையும் முடியாது என்று பதில் வந்தது. சட்டத்தில் தவறில்லை. கார்வேந்தன் வலிக்காத நாளில் மட்டுமே விழிப்பார். வலிக்காத நாளில் வலிமருந்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தோன்றும்?

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி," என்றார். நிழல் பதினெட்டு மாதமாக அதே காபியைக் குறை சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. அவள் சர்க்கரை டப்பாவை நகர்த்தினாள். சொல்ல வேண்டியதை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தாள். முதல் வரியே மறந்துபோயிருந்தது.

அவர் டம்ளரோடு எழுந்து மகள் மிளிரின் அறைக்குப் போனார்.

தடுக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. கட்டில் அங்கே இல்லை. ஜன்னலோரம் சுடர்விழியின் வேலை மேசையும் இரண்டு திரைகளும் இருந்தன. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அவர் அலமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் கம்பிச்சுருள்களும் பழைய கோப்புகளும் இருந்தன.

"சுடரு."

அவள் வாசலில் நின்றாள்.

"முந்தாநேத்துத்தானே மடிச்சு வெச்சேன். அந்த மஞ்சக் கவுனு. இந்தத் தட்டுலதான். எங்க அது?"

"குடுத்துட்டேனுங்க."

"குடுத்துட்டியா? யாருக்கு?"

"மசக்காளிபாளையத்துல பிள்ளைங்க இல்லம் ஒண்ணு இருக்குது. அங்க."

"எப்ப?" அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான். "முந்தாநேத்து இருந்துச்சு. என்னைக் கேக்காம எப்பக் குடுத்த?"

"போன வருசம்," என்றாள் சுடர்விழி.

அந்த இரண்டு சொல்லில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மிச்சத்தை அவள் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அவரும் அலமாரிக் கதவில் சாய்ந்து எதிரே உட்கார்ந்துகொண்டார், டம்ளரைக் கீழே வைக்காமல்.

மிளிர் போனபோது அவளுக்கு ஆறு வயது. நாலே நாள் காய்ச்சல். அதற்குப் பின் நாற்பது நாள் கார்வேந்தன் அழுதார். வந்தவர்கள் எல்லோரும் அவரைக் கட்டிப்பிடித்துத் தேற்றினார்கள். சுடர்விழி அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பத்தோராம் நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் கேட்டார்: "எனக்கு ஒரு முப்பது நாள் மட்டும் இதைக் கொஞ்சம் குறைச்சுக் குடு சுடரு. அப்புறம் என்ன ஆனாலும் நான் வந்தர்றேன்." அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இரண்டே துணைக்கூறு. ஒரு நிமிட வேலை. அவர் விதையில் விரலை வைத்துச் சரி என்றார்.

"முதல்ல 'எடு முப்பது' போட்டு, அதுக்கப்புறம் 'வடி' போட்டிருக்கணும். அப்படிப் போட்டிருந்தா முப்பது நாளை எடுத்துக்கும், அதுல வலிக்கற நாளையெல்லாம் ஒதுக்கும், முப்பத்தோராம் நாள் நீங்க வந்திருப்பீங்க. நான் மாத்திப் போட்டுட்டேன். 'வடி' முதல்ல, 'எடு முப்பது' பின்னால."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க. கூடையில இருந்து முப்பது தக்காளி எடுத்து அதுல அழுகுனதைத் தள்ளறது ஒண்ணு. அழுகாத தக்காளி முப்பது சேர்ற வரைக்கும் கூடையை விடாமத் துழாவறது வேற. கூடை பூராவும் அழுகியிருந்தா..."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தன நாளு ஆச்சு?"

"பத்தொம்பது மாசம். மொத முப்பது நாள்ல ரெண்டு வந்துச்சு. அப்புறம் பதினெட்டு மாசம் ஒண்ணுகூட வரல. இன்னிக்குத்தான் மூணாவது."

முப்பத்தோராம் நாள் காலையில் அவருக்குப் பிடித்த ஆப்பம் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்ததையும், குழாய்ச் சத்தம் ஐந்து நாற்பதுக்குக் கேட்டதையும் அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் அவருடைய வலி அளவைத் திறந்து பார்ப்பாள். நாளாக ஆக ஆறும், என்றைக்காவது கோட்டுக்குக் கீழே இறங்கும் என்று நம்பினாள். ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஆறாம் மாதம்தான் அவளுக்குப் புரிந்தது. ஆறுவதற்கு ஆள் வேண்டும். நிழலோடு எத்தனை நாள் போனாலும் உள்ளே உறங்குகிறவருக்கு அது அதே நாற்பத்தோராம் நாள். தினமும் விடியலில் விதை எட்டிப்பார்க்கிறது; அதே புத்தம் புதுத் துக்கம்; மூடிவிடுகிறது. துக்கம் குறைந்தால் விழிக்கலாம், விழித்தால்தான் குறையும். தேடிக்கொண்டே இருக்கும்படி அவள்தான் 'வடி'யை எழுதியிருந்தாள். சலிப்படையாமல் தேடும் என்று விளம்பரத்தில்கூட வந்தது. இன்று தப்பித்தது ஒரு கனவின் தயவால்.

கார்வேந்தனின் கைபேசி அடித்தது. அவர் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். பீளமேட்டில் அவர் வேலை பார்க்கும் பம்ப்செட் ஆலையிலிருந்து தங்கராசு.

"சார், மணி எட்டே கால் ஆச்சுங்க. நீங்க லேட்டானதே கிடையாதுங்களே, அதான் பயந்துட்டேன். சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாம மோட்டாரை வெளிய விட மாட்டேங்கறாங்க."

"யாரு சூப்பர்வைசர்?"

 "நீங்கதானுங் சார்," என்றான் தங்கராசு, மரியாதையாக, கேட்கக் கூடாத கேள்வி எதையும் கேட்டுவிடாமல். "உடம்பு சரியில்லீங்களா? நாளைக்கு வந்து போட்டுக்கலாமுங்."

வைத்துவிட்டார். "மூணு வருசம் கேட்டேன். நாயா அலைஞ்சேன். குடுக்கல. நான் தூங்குனதுக்கப்புறம் குடுத்திருக்கானுக." சிரிக்கத் தொடங்கினார். இடது ஓரம் போயிற்று, வலது ஓரம் வரவில்லை. முகம் அப்படியே கோணிக்கொண்டது. அழுகை வந்தது. கனவின் பூச்சு அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

சுடர்விழி அவர் அருகில் நகர்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகை அவளுக்குத் தெரிந்ததுதான். நாற்பது நாள் கேட்ட அதே அழுகை, அதே இடத்தில் மூச்சு முட்டி, அதே இடத்தில் பெயரைச் சொல்லி. அவளும் அதில் சேர்ந்துகொள்ளலாம் என்று பார்த்தாள். கண்ணில் நீர் வரவில்லை. பதறிப்போனாள். என்ன பெண் நீ என்று கேட்டுக்கொண்டாள். தான் அழுததெல்லாம் வேறு நாட்களில் ஆகிவிட்டது. அந்த நாட்களில் இவர் இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அவர் கேட்டார். "அது உங்கிட்ட எப்படி இருந்துச்சு?"

"எது?"

"அதான். நானு. நிழலு."

"நல்லாத்தான் இருந்துச்சு." பொய் சொல்ல முடியவில்லை. "கத்தாது. நேரத்துக்கு வரும். காய் நறுக்கிக் குடுக்கும். நான் அழுதா பக்கத்துல வந்து உக்காந்துக்கும். 'தண்ணி குடிக்கறியா'ன்னு கேக்கும்."

"குடிப்பியா?"

"குடிப்பேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் அழுதப்ப உன்னால அழ முடியல, இல்ல?"

அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடினாள்.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. மத்தவங்களுக்கு வகுப்பெடுக்கறவ நீ. இந்த வரிசையை உனக்குத் தெரியாமயா மாத்துன?"

இந்தக் கேள்வியை அவள் பலமுறை தன்னிடமே கேட்டிருக்கிறாள். குளிக்கும்போது, பேருந்தில், அவருடைய நிழல் வாங்கி வந்த மல்லிகையை வைத்துக்கொள்ளும்போது. அன்று மத்தியானம் மேசையில் உட்கார்ந்த சுடர்விழியின் தலைக்குள் போய்ப் பார்க்க முயல்வாள். களைப்பு இருந்தது. நாலு நாளாகத் தூக்கமில்லை. அவர் அழுகைச் சத்தம் காதை அறுத்துக்கொண்டிருந்தது. இது நிற்க வேண்டும் என்று நினைத்தது உண்மை. முப்பது நாள் என்று நினைத்தாளா, நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாளா? அவ்வளவு உள்ளே போனால் வெளிச்சம் இல்லை.

"தெரியலீங்க," என்றாள்.

 அவர் அவளுடைய தட்டில் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நாலு மணிக்கு வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. அவள் அவர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஒரே வார்த்தைங்க. 'போதும்'னு சொல்லீருங்க. நாளைக்கு நீங்களே எந்திரிப்பீங்க."

"எந்திரிச்சா?"

"வலிக்கும்."

"எவ்வளவு?"

"இன்னிக்குக் காலையில அந்த ரூம்ல இருந்துச்சில்ல. அவ்வளவு. ரொம்ப நாளைக்கு அவ்வளவே இருக்கும்."

"உனக்கு இப்ப எப்படி?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். "சாப்பிட முடியுது. பள்ளிக்கூட வேன் போனா திரும்பிப் பாக்கறேன், அப்புறம் வேலையைப் பாக்கறேன். இது வர்றதுக்கு ஒரு வருசம் ஆச்சு."

"நீ அந்தக் கரைக்குப் போயிட்ட. நான் இன்னும் தண்ணிக்குள்ளயே நிக்கறேன்." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வழி கேட்கிற குரல். "பயமா இருக்குது சுடரு. இன்னும் இருபத்தேழு நாள்தானே இருக்குது. அது வந்து முடியட்டுமே. எனக்கு நடுவுல ஒண்ணும் தெரியப் போறதில்ல. கண்ணை மூடித் திறந்தா அடுத்தது."

"பதினெட்டு மாசத்துக்கு ஒண்ணு வந்திருக்குது. அந்தக் கணக்குல இருபத்தேழுன்னா நாப்பது வருசம். உங்களுக்கு எழுபத்தெட்டு வயசாயிருக்கும்."

"எனக்கு இருபத்தேழு நாள்தான்."

 அவர் சொன்னதில் பிழையில்லை. நாளோடையின் மொத்தப் பேரமும் அதுதான். அலுவலகத்தில் இந்த வாக்கியத்தை வேறு சொற்களில் அவளே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஐந்தரைக்கு நஸ்ரீன் அழைத்தாள். "சொல்லீட்டாராக்கா?"

சுடர்விழி எழுந்து சமையலறைக்குப் போனாள். "இல்ல."

"அய்யோ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மேல இருக்கறவங்க வெளிய சொல்ல வேண்டாம்னு சொல்லீருக்காங்க. உங்களுது ஒண்ணு மட்டும் இல்லக்கா. 'வடி'யை முன்னால போட்டுட்டு முடியாம ஓடிட்டிருக்கற தொடரு பதினோராயிரம் இருக்குது. பொண்டாட்டி போனவங்க, புள்ள போனவங்க, காதல் முறிஞ்சவங்க. சில பேரு ஆறு வருசமா."

"யாரும் புகார் குடுக்கலையா?"

"நிழலு எங்கக்கா புகார் குடுக்கும்? வீட்டுல இருக்கறவங்களும் குடுக்கறதில்ல. நான் நாலஞ்சு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு அம்மா சொல்லுது, 'எம்பையன் இப்பத்தான் நல்லபடியா இருக்கறான், நீங்க ஒண்ணும் பண்ணிராதீங்க கண்ணு'ன்னு. நீங்க ஒருத்தர்தான்க்கா மனு எழுதுனது."

"சுடரு," என்று அவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "யாரு, உங்க ஆபீஸா? இங்க கொண்டு வா. வைக்காத."

அவள் கைபேசியோடு போனாள். கார்வேந்தன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் காலையில் இருந்த வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் போல இருந்தார்.

"'கோர்'னு ஒண்ணு இருக்குதில்ல? கல்யாணமானவங்களுக்குன்னு நீங்க விக்கறது?"

"இருக்குதுங்க."

"அது என்ன பண்ணும்னு சொல்லு. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டனான்னு பாக்கறேன்."

"ரெண்டு பேர் நாளையும் ஜோடி சேர்க்கும். ஒருத்தருக்குப் பொருந்தி இன்னொருத்தருக்குப் பொருந்தலைன்னா அந்த நாளைக் குடுக்காது. ரெண்டு பேருக்கும் பொருந்தற நாளை மட்டும் ரெண்டு பேருக்கும் குடுக்கும்."

"அதைப் போடு." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கை சூடாக இருந்தது. நிழலின் கையைவிடச் சூடு. "எனக்குச் சேத்து உனக்கும் போடு. நீ மட்டும் ஏன் தனியாக் கெடந்து படணும்? பத்தொம்பது மாசம் பட்டது பத்தாதா? நல்ல நாள் வர்றப்ப ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிக்கலாம். ஒண்ணாக் காபி குடிக்கலாம். சக்கரை கம்மின்னு நான் சொல்றேன். அடுத்த நிமிசம் அடுத்த நல்ல நாள். உனக்கு வயசாகறதை நானும் எனக்கு வயசாகறதை நீயும் பாக்க வேண்டாம், ஒண்ணாவே ஆயிக்கலாம். இதுல என்ன தப்பிருக்குது?"

"அண்ணா..." என்றாள் நஸ்ரீன் கைபேசிக்குள்.

"நீ சொல்லும்மா. போட முடியுமா, முடியாதா?"

"முடியும்ணா. ரெண்டு பேரும் விரல் வெச்சுச் சரின்னு சொல்லணும். அஞ்சு அம்பது ஆச்சு." பிறகு, மெதுவாக, "அக்கா?"

கார்வேந்தன் தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, "சரி," என்றார். பலகையில் ஒரு விளக்கு பச்சையானது. இன்னொன்று காத்திருந்தது. அவர் அவள் கையை மெல்லத் தூக்கி, அவள் கூந்தலை ஒதுக்கி, அவள் விரலை அவளுடைய விதையின் மேல் வைத்தார். வேலையில் சேர்ந்த அன்று பொருத்தியது. சோதனைக்குத் தவிர அவள் அதைத் தொட்டதில்லை. பழகிய தொடுகைதான் அவருடையது. முடியை எப்போதும் அவர் அப்படித்தான் ஒதுக்குவார்.

அவள் விரலை எடுக்கவில்லை. அங்கேயே இருக்கவிட்டு, அந்த வீட்டைப் பார்த்தாள்.

காலை ஐந்து நாற்பது. இரண்டு குழாய்கள் திறக்கின்றன. இரண்டு பேர் மேசைக்கு வந்து உட்காருகிறார்கள். "தூங்குனியா?" "தூங்குனேன்." "நீங்க?" "நானும்." அவர் காய் நறுக்கிக் கொடுக்கிறார். அவள் சமைக்கிறாள். வெளியே பள்ளிக்கூட வேன் போகிறது, ஒருவரும் திரும்புவதில்லை. மே மாதம் வருகிறது. மிளிர் பிறந்த தேதி வருகிறது, போகிறது. மிளிர் போன தேதி வருகிறது, போகிறது. விருந்தினர் வந்து சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி யார் என்று கேட்கிறார்கள். "எங்க பொண்ணு," என்று இரண்டு பேரும் ஒரே குரலில், பிசகில்லாமல் பதில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டை நீட்டுகிறார்கள். நாற்பது வருடத்தில் இருபத்தேழு நாள் போக மீதி எல்லா நாளும், அந்தக் குழந்தை செத்துப்போனது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அக்கா, மூடப் போறாங்க," என்றாள் நஸ்ரீன். "என்ன பண்ணட்டும்?"

கார்வேந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு கை மடியில் கிடந்தது. அந்தக் கை காதுப் பக்கம் போய், 'போதும்' என்ற அந்த மற்ற வார்த்தையை அவர் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அவள் அதற்காகக் காத்திருந்தாள். கை அசையவில்லை.

சுடர்விழி தன் விரலை விதையிலிருந்து எடுத்தாள். எடுத்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலீங்க," என்றாள்.